வடக்கத்திக்காரர்கள் வந்ததால்தான் திருப்பூரில் நமக்கு வேலை இல்லையா?

கேள்வி: 07.09.2025, காலை

நான் தாராபுரம் பக்கம். தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒன்றரை ஆண்டாகிறது. திருப்பூரில் நான்கு பனியன் கம்பெனிகளில் ஏறி இறங்கிவிட்டான். எங்கே பார்த்தாலும் பீகார், ஒடிசா ஆட்கள். அவர்கள் பாதிக் கூலிக்கு நிற்கும்போது நம் பையனை யார் எடுப்பார்கள்? அமெரிக்க வரியால் ஆர்டரும் குறைகிறதாம். இவர்களைத் திருப்பி அனுப்பினால் தம்பிக்கு வேலை கிடைக்குமா, கிடைக்காதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

07.09.2025, இரவு

கிடைக்காது.

பதினெட்டு மிஷின் வைத்து, ஏற்றுமதியாளர் வெட்டித் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரன், அதாவது சின்னப் பட்டறைக்காரன், சொல்கிறேன். உங்கள் தம்பி என்ன வேலை கேட்டார்? டெய்லருக்கு உதவியாகத் துணி மடிக்கும் கைமடி வேலை கேட்டிருந்தால் நாளைக் காலை எட்டரைக்கு என்னிடம் அனுப்புங்கள், சாயங்காலத்துக்குள் சேர்த்துக்கொள்கிறேன். சூப்பர்வைசர் வேலை, கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலை கேட்டிருந்தால் அங்கே அவருக்குப் போட்டி பீகாரின் தர்பங்காவிலிருந்து வந்தவர் அல்ல. கோயம்புத்தூர்க் கல்லூரிகளில் படித்த நம் பிள்ளைகள்தான்.

பாதிக் கூலி என்பதும் தவறு. என் நோட்டில் உள்ளூர் டெய்லருக்கும் பீகார் டெய்லருக்கும் ஒரே பீஸ் ரேட்தான். தோள் சேர்த்து, கை ஏற்றி, சைடு அடிக்க ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் பீசுக்கு மூன்று ரூபாய் இருபது காசு. அடிப்பவர் எந்த மொழி பேசினாலும் அவ்வளவுதான்.

09.09.2025

என்னை ‘முதலாளிமார்களின் வக்கீல்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வக்கீலாக இருந்தால் பீஸ் கிடைக்கும். எனக்கு இந்த வாரம் பீசும் இல்லை.

வரி பற்றிக் கேட்டவருக்கு: ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீதம். பங்களாதேசுக்கும் வியட்நாமுக்கும் 20. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. எனக்குத் துணி வெட்டி அனுப்பும் ஏற்றுமதியாளர் கோடைக்கால ஆர்டரில் பாதியை நிறுத்தி வைத்திருக்கிறார். பதினெட்டு மிஷினில் பதினொன்று ஓடுகிறது. உள்நாட்டு வியாபாரத்துக்குத் தைப்பவர்களுக்கு இந்த அடி இல்லை. தீபாவளி நெருங்குவதால் அவர்கள் இரவிலும் ஓட்டுகிறார்கள். எனக்கு அங்கே ஆள் பழக்கமில்லை, என் தவறு.

14.09.2025, ஞாயிறு

அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று இதுவரை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. ‘அங்கே பட்டினி, இங்கே சோறு’ என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். என் ஓவர்லாக் டெய்லர் ஒருவரின் கணக்கைத் தருகிறேன். இன்று ஞாயிறு, பட்டறையில் வேலை இல்லை. அவர் ஊசி மாற்றிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டே எழுதினேன்.

தர்பங்கா மாவட்டம். வீட்டுக்குப் பத்து கட்டா நிலம், நம் கணக்கில் அரை ஏக்கர்கூட வராது. அண்ணன் தம்பி மூன்று பேர். கமலா-பலான் ஆறு புரண்டால் அந்த அரை ஏக்கரும் தண்ணீரில். நூறு நாள் வேலைக்கு இந்த ஆண்டு பீகாரில் நாள் கூலி 255 ரூபாய், நம் மாநிலத்தில் 336. அந்த 255-உம் எல்லா நாளும் கிடைக்காது. இதெல்லாம் இருந்தும் அவர் சாப்பாட்டுக்குத் திண்டாடி ரயில் ஏறவில்லை. தங்கை திருமணத்துக்கு வாங்கிய கடன், நூற்றுக்கு ஐந்து வட்டி. மாதா மாதம் வட்டி கட்டக் கையில் ரொக்கம் வேண்டும். வயலில் நெல் வரும், ரொக்கம் வராது.

இங்கே ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை, ஒன்பது. ஆர்டர் நன்றாக ஓடும் வாரத்தில் நாலாயிரத்து ஐந்நூறு எடுப்பார். மாதம் பதினெட்டாயிரம் என்று வையுங்கள். வேலம்பாளையத்தில் லைன் வீடு, நாலாயிரம் வாடகையை நான்கு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, கேஸ் எல்லாம் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறு. போன் ரீசார்ஜ், கைனி என்கிற வாய்ப்புகையிலை, ஞாயிற்றுக்கிழமைக் கோழி என்று ஆயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டாயிரம் ஊருக்கு. கடன் அடைந்தது போன ஆண்டு. இந்த ஆண்டுப் பணம் செங்கல்லுக்கு. ஓட்டு வீடு தளம் போட்ட வீடாக வேண்டும், அதன் பிறகுதான் தம்பிக்குப் பெண் பார்ப்பார்களாம்.

‘தளம் போட்ட பிறகு ஊருக்கே போய்விடுவீர்களா?’ என்று கேட்டேன். சிரித்தார். ஊசியை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துவிட்டு மிஷினில் செருகினார். தளத்துக்கு மேல் ஒரு மாடி இருக்கிறதே அண்ணா என்றார்.

அவர்களை நாங்கள் ‘பையா’ என்கிறோம், அவர்கள் எங்களை ‘அண்ணா’ என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஒரு சொல் எப்படி மரியாதையாகவும் மற்றது எப்படி ஏளனமாகவும் ஆனது என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

15.09.2025

திருத்தம். ஏழாம் தேதி ‘ஒரே ரேட்’ என்று எழுதினேன், அதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

வீரபாண்டியிலிருந்து ஒருவர் ‘கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்களுக்கும் அதே ரேட்டா?’ என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் எட்டு வெளிமாநில டெய்லர்களில் இரண்டு பேர் மட்டும் நேரடி. ஆறு பேர் கான்ட்ராக்டரின் ஆட்கள். அவரிடம் நான் பீசுக்கு மூன்று இருபது கொடுக்கிறேன். அவர் அவர்களுக்கு என்ன கொடுக்கிறார் என்று நான்கு ஆண்டுகளாக நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன். இரண்டு எழுபது. என் பட்டறையில், என் மிஷினில், அருகருகே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு ஐம்பது காசு வித்தியாசம்.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

15.09.2025, பின்னிரவு

அந்த ஐம்பது காசுக்குக் கான்ட்ராக்டர் செய்வதையும் சொல்ல வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கு முன்பணம், இறங்கிய அன்றே தங்க இடம், யாராவது ஊருக்குப் போனால் மறுநாள் மாற்று ஆள், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு பையன். அவரும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பீகாரின் சமஸ்திபூரிலிருந்து வந்து, தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டியவர். இந்த வேலைகளை நான் செய்ய வேண்டுமென்றால் இன்னொரு ஆள் சம்பளம் ஆகும். அதனால் நியாயமா என்று கேட்டால், ஐம்பது காசு அதிகம். இருபது காசு என்றால் வாய் திறக்க மாட்டேன்.

28.09.2025

தாராபுரத்துக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார்: ‘கூலி குறைவில்லை என்றால் முதலாளிகள் ஏன் அவர்களையே தேடிப் போகிறார்கள்?’

நேரத்துக்காக. என் செக்கிங் மேசையில் பல்லடம் பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர். மாலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள். உள்ளூர் டெய்லர்களுக்கும் கல்யாணம், காது குத்து, மாரியம்மன் நோன்பி எல்லாம் உண்டு. சொந்த ஊரில் இருப்பவனுக்கு அது இருக்கத்தான் வேண்டும். தர்பங்காக்காரருக்கு இங்கே காது குத்து கிடையாது. செவ்வாய்க்கிழமை கண்டெய்னர் கிளம்ப வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையும் உட்காருவார். வீட்டை விட்டு வந்த மனிதனின் மாலை நேரம் முழுவதும் என் கைக்கு வந்துவிடுகிறது, அதைத்தான் நான் வாங்குகிறேன்.

எட்டு மணி நேர வேலைக்கு இன்று ஒன்றரை ஷிப்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் கொடுத்தால் உள்ளூர் ஆள் வருவானா? வருவான் என்றே நினைக்கிறேன். கொடுக்க என்னால் முடியுமா? மூன்று இருபதில் முடியாது. அந்த மூன்று இருபதை நிர்ணயிப்பவர் நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்கிறேன் என்று அடுத்த ஆள் எழுதுவார், எழுதட்டும்.

இன்னொன்று. என் மகன் கோயம்புத்தூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான். பள்ளி விடுமுறையில்கூட அவனைப் பட்டறைப் பக்கம் நான் விட்டதில்லை, பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று. நானே இப்படி இருக்க, ‘நம் பிள்ளைகள் உழைக்க வருவதில்லை’ என்று எந்த வாயால் சொல்வது?

30.09.2025

ஒரு செய்தி. பீகாரில் பெண்களுக்குச் சுயதொழில் தொடங்க ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கணக்கில் போட்டிருக்கிறார்கள், 26-ஆம் தேதி தொடங்கியது. தேர்தல் வருகிறது. நம் டெய்லரின் மனைவிக்கும் வந்துவிட்டது. ஆடு வாங்கப் போகிறார்களாம். ‘இனி நீங்கள் ஆட்டைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடலாமே’ என்று கிண்டல் செய்தேன். ஆடு சம்பாதித்துக் கொடுக்க ஒரு வருடம் ஆகும், அதுவரை ஆட்டுக்கும் நான்தான் பணம் அனுப்ப வேண்டும் என்றார்.

12.10.2025

போனஸ் வாரம். திருப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த வாரம் யாரும் யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார்கள்.

பழைய கதை ஒன்று, கோபம் வந்துவிட்டதால் எழுதுகிறேன். நேற்று ஒருவர் ‘திருப்பூர் திருப்பூர்க்காரர்களுக்கே’ என்று இங்கே போட்டிருந்தார். எந்தத் திருப்பூர்க்காரர்களுக்கு?

நான் 1991-இல் ஆண்டிபட்டியிலிருந்து வந்தேன். வயது பதினைந்து. மழை பொய்த்து, அப்பா ஆட்டை விற்றுக் கொடுத்த காசில் பஸ் ஏறினேன். முதல் மாதம் பனியன் வேஸ்ட் மூட்டைகள் மேல்தான் படுக்கை. குளிர்காலத்தில் அதைவிட நல்ல மெத்தை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைமடியாக நின்றேன்: டெய்லர் தைத்து விடுவதை மடித்து அடுக்க வேண்டும், கை தாமதித்தால் தலையில் குட்டு. எங்களுக்கு யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். ‘தெற்கத்திக்காரர்களுக்கு வீடு இல்லை’ என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். மதுரை, தேனி, திருநெல்வேலிப் பையன்கள் என்றால் குடிப்பார்கள், அடித்துக்கொள்வார்கள், கூலியைக் கெடுப்பார்கள் என்று பேச்சு. இன்று பையாக்களைப் பற்றி எதைச் சொல்கிறார்களோ அதே வசனம், ஊர்ப் பெயர் மட்டும் வேறு.

நான் கைமடி நின்ற டெய்லர் பழைய சங்கத்துக்காரர். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் இருந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நாட்களைச் சொல்வார், எதைச் சாப்பிட்டார்கள், யார் கடன் கொடுத்தார்கள் என்று. அது முடிந்த பிறகு வேலை சின்னச் சின்னப் பட்டறைகளாக உடைந்து போனதையும் அவர்தான் சொன்னார். அவரிடம் ஒருநாள், ‘வெளியூர் ஆட்கள் எல்லாம் வந்ததால் சங்கம் பலவீனமாகிவிட்டது என்கிறார்களே, அப்படியென்றால் நானும் சேர்த்தியா?’ என்று கேட்டேன். வாயில் இருந்த வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பதில் வரவில்லை. ‘நீயும் சேர்த்திதான், தட்டை எடு’ என்றார்.

கூலி உயர்வு கேட்டபோது அன்றைய முதலாளி என்னிடம் சொன்னது: உன் ஊரில் இதில் பாதிகூடக் கிடைக்காது. போன வாரம் போனஸ் பேச்சில் ஒரு ஒடிசாப் பையனிடம் உடைந்த இந்தியில் அதே வாக்கியத்தை நான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

13.10.2025

‘அப்படியானால் நீங்கள் எப்படி முதலாளி ஆனீர்கள், உழைப்பால்தானே? அவர்களும் உழைத்தால் ஆகலாமே’ என்று கேட்டவருக்கு.

உழைத்தேன். எல்லோரும்தான் உழைத்தார்கள். என்னோடு வேஸ்ட் மூட்டையில் படுத்த ஆறு பேரில் நான் ஒருவன்தான் மிஷின் வாங்கினேன். அதுவும் எப்போது? 2004 கடைசியில், ஆறு பழைய மிஷின். அடுத்த மாதம், 2005 ஜனவரி 1-இல் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வாங்கலாம் என்ற வரம்பு போனதும் திருப்பூருக்கு ஆர்டர் கொட்டியது. தைக்க ஆள் இல்லை, மிஷின் இல்லை, தெருத் தெருவாகப் பட்டறை. அந்த இரண்டு ஆண்டில் ஆறு மிஷின் வைத்திருந்த எவனும் பன்னிரண்டு வைத்தான். ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் என் அருகில் இருந்தவன் பன்னிரண்டு வைத்திருப்பான், நான் அவனிடம் பேட்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருப்பேன்.

இன்னும் ஒன்று மறந்துபோகிறது. அந்த ஆறு மிஷினுக்கு நான் கொடுத்தது பாதிப் பணம்தான். மீதிக்கு என் பழைய முதலாளி வியாபாரியிடம் ‘நம்ம பையன்தானுங்க, வாங்கிக்கொள்ளலாம்’ என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் விலை அன்றைக்கு எழுபதாயிரம் ரூபாய்.

19.10.2025

நாளை தீபாவளி. போனஸ் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் ஒரே சதவீதம், கான்ட்ராக்டர் ஆட்களுக்கும் கையில் நேரடியாக. கான்ட்ராக்டர் முகம் தூக்கி வைத்திருக்கிறார்.

தர்பங்காக்காரர் உட்படப் பத்துப் பேர், அவர்கள் ஊர்ச் சூரிய வழிபாடான சத் பூஜைக்கும் ஓட்டுப் போடவும் கிளம்பிவிட்டார்கள். தன்பாத் எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டி. ஆலப்புழையிலிருந்தே நிரம்பித்தான் வரும், திருப்பூரில் அவர்கள் ஏறுவதைப் பார்க்க வேண்டும். முதலில் பை உள்ளே போகும், பிறகு கால், கடைசியாக மனிதன். இரண்டு நாளுக்கு மேல் பயணம். தன்பாத்தில் இறங்கி வேறு வண்டி. அக்காள் மகளுக்கு என்று காதர்பேட்டையில் வாங்கிய இரண்டு டஜன் டி-ஷர்ட்டை ஒருவர் தலையணையாகக் கட்டியிருந்தார்.

திரும்பி வருவார்களா என்று இந்த முறை நிச்சயமில்லை.

02.11.2025

பட்டறையில் பத்து மிஷின் உறங்குகிறது. 2020 மே மாதமும், 2023 மார்ச்சும் நினைவுக்கு வருகின்றன.

2020-இல் சிறப்பு ரயிலில் அனுப்பி வைத்தோம். அவர்கள் போன பிறகுதான் உங்கள் கேள்விக்கு ஊரே விடை கண்டது. தடை தளர்ந்து ஆர்டர் வந்தபோது ஆள் இல்லை. ‘ஆட்கள் தேவை’ தாள் ஒட்டாத மின்கம்பம் இல்லை. உள்ளூரில் எத்தனை பேர் வந்தார்கள்? என்னிடம் மூன்று பேர். இரண்டு பேர் தீபாவளியோடு நின்றுவிட்டார்கள்.

2023-இல் வேறு கதை. தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி நேரம் வேறு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் கூட்டம். போலீஸ்காரர்கள் கம்பெனி கம்பெனியாக வந்து பேசினார்கள், பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டுப் போனது. என் ஆட்களுக்குப் பயம் தங்களைப் பற்றி இல்லை. ஊரில் அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறாள் என்பதுதான். பட்டறைக்கு நடுவில் நான் அவர்களோடு நின்று வீடியோ காலில் அவர்களின் அம்மாக்களுக்குக் கும்பிடு போட்டேன். அந்த வாரம் பதினோரு அம்மாக்கள். என் இந்தி அப்போதுதான் கொஞ்சம் தேறியது.

09.11.2025

‘அங்கேயே ஒரு பட்டறை போட்டுக்கொள்ளக் கூடாதா, எதற்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்?’ நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும்.

போட்டவர்கள் உண்டு. மேற்குச் சம்பாரண் மாவட்டம் சன்பட்டியாவில், 2020-இல் ஊர் திரும்பியவர்களைக் கொண்டே துணி தைக்கும் பட்டறைகளை ஆரம்பித்தார்கள், மாவட்ட நிர்வாகம் இடம் கொடுத்தது. எங்கள் டெய்லரும் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: இங்கே ஊசி உடைந்தால் தெருமுனைக் கடையில் பத்து நிமிடத்தில் வேறு ஊசி. மிஷின் நின்றால் போன் செய்தால் மெக்கானிக் வண்டியில் வருகிறான். எலாஸ்டிக் வேண்டுமா, பட்டன் வேண்டுமா, லேபிள் அச்சடிக்க வேண்டுமா, எல்லாம் நடக்கும் தூரம். சாயம் போட, துணி பிறகு சுருங்காமல் இருக்கக் காம்பாக்டிங் செய்ய, எதற்கும் வெளியூர் போக வேண்டாம். அங்கே ஒரு ஊசிக்கு ஒரு நாள்.

ஊர் என்பது ஆள் மட்டும் இல்லை என்று இதிலிருந்து எனக்குப் புரிந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கடைகளும் மெக்கானிக்குகளும் கடன் பழக்கங்களும் அது. அதே காரணத்தால்தான் நானும் ஆண்டிபட்டியில் பட்டறை போடவில்லை. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஒரே ஒரு கண்ணி அறுந்ததற்கே ஊர் முழுக்க மிஷின் நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

(ஆற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். அது தனி இழை, அதில் எனக்கு நற்பெயர் கிடைக்காது.)

23.11.2025

வந்துவிட்டார்கள், பத்தில் ஆறு பேர். இரண்டு பேர் கேரளத்தின் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைக்கு, ஒருவர் சூரத்துக்கு, ஒருவர் ஊரிலேயே. ஆர்டர் குறைந்தால் யாரையும் வேலையை விட்டு நீக்கத் தேவையில்லை என்பது பீஸ் ரேட்டின் கொடூரமான வசதி. பீஸ் வராவிட்டால் ஆளே போய்விடுவான், கணக்கில் யாரும் வேலை இழந்ததாக வராது.

தர்பங்காக்காரர் ஒரு பை மக்கானாவும் (நீர்ச்செடி விதைப் பொரி) டப்பா நிறையத் தேக்குவாவும் கொண்டுவந்தார். தேக்குவா கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து நெய்யில் பொரித்தது, நம் அதிரசத்தின் வடநாட்டு உறவு, கொஞ்சம் கல் ஜாதி. செக்கிங் பெண்களில் மூத்தவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பாகு பதம் தவறிவிட்டது தம்பி என்றார். தர்பங்காக்காரருக்கு மொழி புரியவில்லை, முகம் புரிந்தது.

பி.எஃப். விஷயம் ஒன்று கேட்டார். முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில் அவர் பெயரை எழுதிய எழுத்தர் தகப்பன் பெயரை வேறு மாதிரி எழுதிவிட்டார். ஆதாரில் ஒன்று, பி.எஃப். பதிவில் மற்றொன்று. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் இரண்டு ஆண்டுகளாக நிற்கிறது. அந்தக் கம்பெனி கையெழுத்துப் போட்டால் தீரும், அந்தக் கம்பெனியோ இப்போது கல்யாண மண்டபம். இப்படி நின்றுபோன பணம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கும்?

14.12.2025

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

ஓரமாகக் கிடக்கும் என் பழைய மிஷின்களில் நான்கை வாங்கிக்கொள்கிறேன், தவணையில் கொடுங்கள் என்று தர்பங்காக்காரர் கேட்டார். இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர். அவரும் மனைவியின் தம்பியும் இன்னும் இரண்டு பேரும். வேலம்பாளையத்தில் ஒரு ஷெட் பார்த்திருக்கிறார்கள். செங்கல்லுக்கு வைத்திருந்த பணம் முன்பணமாம். ஊரில் தளம் அடுத்த ஆண்டு.

எனக்கு வந்த முதல் எண்ணம்: நல்ல டெய்லர் போய்விடுவான். இரண்டாவது: நாளை ஊருக்குப் போய்விட்டால் தவணையை யாரிடம் கேட்பது? மூன்றாவது எண்ணமாகத்தான் 2004 வந்தது. வரிசை இதுதான், மாற்றி எழுதினால் பொய்.

ஷெட்காரர் வெளிமாநிலத்தவர் பெயரில் ஒப்பந்தம் போட மாட்டேன் என்றார். கரண்ட் பில் நின்றால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவரும் கெட்டவர் இல்லை, ஒருமுறை ஏமாந்தவர்.

21.12.2025

ஒப்பந்தம் என் பெயரில். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த இழையை என் மனைவி படிப்பதில்லை என்று நம்புகிறேன்.

11.01.2026

தாராபுரத்துக்காரரின் தம்பி பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நவம்பரில் என்னிடம் வந்தார். கைமடிக்கு இல்லை. மிஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் சேர்த்துவிட்டேன். டிப்ளமோ படித்த கை, டைமிங் வைப்பதைப் பத்தே நாளில் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் டெய்லர் கிடைத்தாலும் கிடைப்பான், நல்ல மெக்கானிக் கிடைக்க மாட்டான். மாதம் பதினாறாயிரம், வண்டிக்குப் பெட்ரோல் தனி. அண்ணன் இன்னும் இங்கே கோபமாகத்தான் எழுதுகிறார். அது அவர் உரிமை.

தம்பி முதலில் தனியாகப் போய்ச் சரிசெய்த மிஷின் வேலம்பாளையத்து ஷெட்டில் என் பழைய பேட்லாக்.

25.01.2026

இன்று காலை என் ஏற்றுமதியாளரிடம் ஆர்டர் வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசர் போன் செய்தார். இருக்கும் கொஞ்ச ஆர்டருக்கு ரேட் பேச. டெய்லர் கூலியே மூன்று இருபது ஆகிறது என்றேன். ‘வேலம்பாளையத்தில் ஒரு பையா இரண்டு தொண்ணூறுக்குத் தைத்துத் தருகிறேன் என்கிறானே அண்ணா’ என்றார்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். செப்டம்பரில் இங்கே கேட்கப்பட்ட கேள்வியை நானே ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தாராபுரத்துக்காரர் சிரிக்கலாம், அனுமதி உண்டு.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போகிறேன். சண்டைக்கு இல்லை. இரண்டு தொண்ணூறில் அவர் நூல் விலையைச் சேர்க்கவே இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மிஷின் தவணை எனக்கு வர வேண்டுமே.